பவளத்துக்குக் காய்ச்சல் பார்த்தவர்: ஆல்ஃபிரட் கோல்ட்ஸ்பரோ மேயர் (1868-1922)

டொரோண்டோவில் எங்கள் வீட்டு வரவேற்பறையில் ஒரு கண்ணாடித் தொட்டி இருக்கிறது. கடல்நீர்த் தொட்டி. மீன்கள் குறைவு, உயிருள்ள பவளங்களே அதிகம். (ஊரில் இதை முருகைக்கல் என்போம். சூளையில் சுட்டுச் சுண்ணாம்பாக்கும் கல் என்றுதான் சிறுவயதில் எனக்கு அதைத் தெரியும். ஓர் உயிர் கட்டிய வீடு அது என்று அறிந்துகொள்ள இந்தக் குளிர் நாட்டுக்கு வரவேண்டியிருந்தது.) இப்படித் தொட்டி வைத்திருப்பவர்கள் நாலு பேர் கூடினால் தவறாமல் ஒரு வாக்குவாதம் எழும். தண்ணீரை எத்தனை பாகையில் வைப்பது? 24 போதும் என்பார் ஒருவர். 26க்குக் குறையக்கூடாது என்பார் இன்னொருவர். பவளப்பாறைகள் செழித்திருக்கும் கடல்களில் ஆண்டுச் சராசரியே 27, 28 பாகை, அதையே வீட்டிலும் வைப்பதுதான் முறை என்று கணக்குக் காட்டுவார் மூன்றாமவர். நான் நெடுங்காலம் மூன்றாமவர் கட்சி. என் தொட்டி 28 பாகை செல்சியஸில் இருந்தது.

ஒரு கோடையில், நண்பர் வீட்டுக் கல்யாணத்துக்காக மொன்றியல் போய்விட்டு இரண்டு நாள் கழித்துத் திரும்பினோம். எங்கள் கட்டடத்தில் முதல்நாள் மாலையிலிருந்து மின்சாரம் இல்லை. குளிரூட்டி நின்று, பம்பு நின்று, நீர் அசைவற்றுக் கிடந்தது. வெப்பமானி 33 காட்டியது. கிளைகிளையாக வளரும் அக்ரோபோராப் பவளங்கள் அனைத்தும் இரண்டு நாளில் சதை உரிந்து வெறும் எலும்பாயின. பக்கத்திலேயே இருந்த மூளைப் பவளம் வெளிறிப்போனது, ஆனால் சாகவில்லை. மூன்று மாதத்தில் மீண்டும் நிறம் பிடித்தது. ஒரே நீர், ஒரே வெப்பம், ஒன்று சாக ஒன்று ஏன் பிழைத்தது என்று தேடப்போய்த்தான் மேயரிடம் வந்து சேர்ந்தேன். கடலியல் படித்தவர்களுக்கு நன்கு தெரிந்த பெயர் அது. இலக்கியம் படிக்கும் நம்மவர்கள் கேள்விப்பட்டிருக்க நியாயமில்லை. ஆனால் நம் வாசகர்களுக்குப் பிடிக்கக்கூடிய வாழ்க்கை அவருடையது.

மேயர் 1868 ஏப்ரல் 16 அன்று அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் பிறந்தார். பிறந்து சிலநாட்களில் தாய் இறந்துபோனார். அந்தத் தாயின் குடும்பப் பெயர்தான் கோல்ட்ஸ்பரோ. தந்தை ஆல்ஃபிரட் மார்ஷல் மேயர் பெயர்பெற்ற பௌதிகப் பேராசிரியர். தக்கையில் செருகிய காந்த ஊசிகளை நீரில் மிதக்கவிட்டு அவை தாமாக அணிவகுப்பதைக் காட்டியவர். பின்னாளில் ஜே. ஜே. தொம்சன் அணுவின் அமைப்பைக் கற்பனை செய்தபோது துணைக்கு அழைத்துக்கொண்டது அந்த மிதக்கும் ஊசிகளைத்தான். இப்படிப்பட்ட தந்தை மகனையும் பௌதிகத்துக்கே இழுத்ததில் வியப்பில்லை. மகனுக்கோ வண்ணத்துப்பூச்சிகளிலும் படம் வரைவதிலும்தான் மனம். ஆனாலும் தந்தை சொல் தட்டாமல் ஸ்டீவன்ஸ் தொழில்நுட்பக் கல்லூரியில் 1889இல் இயந்திரப் பொறியியல் பட்டம் பெற்றார். ஒளியின் வேகத்தை அளந்த மைக்கல்சனிடம் சிறிதுகாலம் உதவியாளராக இருந்தார். கன்சாஸில் பௌதிகம் கற்பித்தார். 1892இல்தான் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஹார்வர்டுக்கு விலங்கியல் படிக்கப் போனார். அப்போது வயது 24.

வீணாய்ப்போன ஆண்டுகள் என்று இதைச் சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்நாளைய இயற்கையியலாளர்கள் பெரும்பாலும் சேகரிப்பவர்கள், பெயர் சூட்டுபவர்கள். உயிரினத்தின் முன்னே வெப்பமானியும் கடிகாரமுமாக உட்காரும் பழக்கம் மேயருக்குத் தந்தை வீட்டிலிருந்து வந்த சொத்து.

ஹார்வர்டில் அவரைக் கண்டெடுத்தவர் அலெக்ஸாண்டர் அகாஸி. செப்புச் சுரங்கத்தில் பெரும் பணம் சேர்த்து, அந்தப் பணத்தைக் கடலில் கொட்டியவர். வட்டப் பவளத்தீவுகள் எவ்வாறு உண்டாகின்றன என்பதில் டார்வினோடு உடன்படாதவர். அதை நிரூபிக்கவே உலகின் பவளக் கடல்களையெல்லாம் சுற்றினார். அகாஸிக்கு ஜெல்லிமீன்களை வரைய ஒரு கை தேவைப்பட்டது. மேயரின் கை அதற்கென்றே பிறந்திருந்தது. பஹாமாஸ், ஆஸ்திரேலியாவின் பெரும் பவளத்தடுப்பு, பிஜி, பிறகு அல்பட்ரோஸ் கப்பலில் 1899-1900இல் தென் பசிபிக் என்று அகாஸியின் கூடவே போனார். ஜெல்லிமீன்கள் பற்றிய அவரது மூன்று பாக நூல் 1910இல் வந்தது. அதிலுள்ள அவரது வண்ணப்படங்களைப் பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தால் விடாதீர்கள். ஒளி ஊடுருவும் ஓர் உடலை மையால் காட்டுவது எத்தனை கடினம் என்பது வரைபவர்களுக்குத் தெரியும்.

1900இல் அவர் மணந்தது ஹாரியட் ஹையட் என்ற சிற்பியை. ஹாரியட்டின் தந்தை புதைபடிவ ஆய்வாளர், தங்கை அன்னா ஹையட் ஹன்டிங்டன் அமெரிக்காவின் புகழ்பெற்ற சிற்பிகளில் ஒருவர். இவர்களின் மகன் ஹையட் மேயர் பின்னாளில் நியூயோர்க் மெட்ரோபொலிட்டன் அருங்காட்சியகத்தில் அச்சோவியப் பிரிவை நடத்தி, அத்துறையில் அழகான உரைநடை எழுதியவர். கடலும் கலையும் அந்த வீட்டில் ஒரே மேசையில் உண்டன.

இனித்தான் கதையின் நடுப்பகுதி.

புளோரிடாவின் தென்கோடியான கீ வெஸ்ட்டிலிருந்து மேற்கே ஏறத்தாழ 110 கிலோமீற்றரில் டிரை டோர்ட்டூகாஸ் என்ற சிறு தீவுக்கூட்டம் இருக்கிறது. குடிநீர் இல்லாததால் பெயரில் டிரை. ஆமைகள் மலிந்திருந்ததால் டோர்ட்டூகாஸ். ஒரு தீவில் ஜெபர்சன் கோட்டை என்ற பிரம்மாண்டமான செங்கல் கோட்டை. லிங்கனைக் கொன்றவனின் காலுக்குக் கட்டுப்போட்ட மருத்துவர் மட் அடைபட்டிருந்த சிறை அதுதான். இன்னொரு தீவான லாகர்ஹெட்டில் ஒரு கலங்கரை விளக்கம். இவற்றைச் சுற்றிலும் தெளிந்த வெதுவெதுப்பான நீரும் பவளமும். குளிர்கடல் உயிர்களை ஆராய வட அமெரிக்காவில் ஆய்வுகூடங்கள் இருந்தன. வெப்பக் கடலுக்கு ஒன்றுமில்லை என்பது மேயரின் மனக்குறை. புதிதாகத் தொடங்கியிருந்த கார்னகி நிறுவனத்தை விடாமல் நச்சரித்து, 1904இல் லாகர்ஹெட் தீவில் ஆய்வுகூடத்தை எழுப்பினார். மரப்பலகைக் கட்டடங்கள், சில படகுகள், கோடை மாதங்களில் மட்டும் வேலை. கோடை முடிந்தால் புயல் காலம். 1910இலும் 1919இலும் புயல்கள் வந்து அடித்துவிட்டுப் போயின. மேயர் திரும்பவும் கட்டினார்.

இறக்கும்வரை, 18 ஆண்டுகள், அவர்தான் அதன் இயக்குநர். அந்தத் தீவுக்கு அவர் அழைத்துவந்தவர்களின் பட்டியலே சுவையானது. நடத்தையியல் என்ற உளவியற் கொள்கையைப் பின்னால் நிறுவிய ஜான் வாட்சன் அங்கே வந்து ஆலாப் பறவைகள் எப்படி வழி கண்டுபிடிக்கின்றன என்று பார்த்தார். வோன் என்ற புவியியலாளர் பவளங்களை நட்டுவைத்து ஆண்டுதோறும் வளர்ச்சியை அளந்தார். கடலுக்கடியில் முதல் வண்ணப் புகைப்படங்கள் எடுக்கப்பட்டதும் அதே டோர்ட்டூகாஸில்தான், 1926இல். அதைப் பார்க்க மேயர் உயிரோடு இல்லை.

மேயரின் சொந்த ஆய்வுகளில் முதலில் சொல்லவேண்டியது ஜெல்லிமீனின் துடிப்பு. ஜெபர்சன் கோட்டையின் அகழியில் கசியோப்பியா என்ற தலைகீழ் ஜெல்லிமீன்கள் கிடந்தன. அவற்றின் குடையிலிருந்து உணர்வுறுப்புகளை நீக்கி, வளையமாக வெட்டி, ஓரிடத்தில் தூண்டிவிட்டார். துடிப்பு அலை ஒரு திசையில் கிளம்பி, வளையத்தைச் சுற்றி, கிளம்பிய இடத்துக்கே வந்து, நிற்காமல் மீண்டும் சுற்றியது. ஒரு வளையத்தில் 11 நாள் அது ஓயவில்லை. இதைப் படித்த ஜோர்ஜ் மைன்ஸ் என்ற இளம் உடலியலாளர், மனித இதயம் தாறுமாறாகத் துடிக்கும்போதும் உள்ளே இப்படியொரு அலை சிக்கிச் சுழல்கிறதோ என்று யோசித்தார். இன்று இதய மருத்துவர்கள் படிக்கும் பாடங்களில் ஒன்றின் வேர் அந்தக் கோட்டை அகழியில் இருக்கிறது.

துடிப்பு வெப்பத்தோடு மாறுவதைக் கவனித்த மேயர் அடுத்து இயல்பாகவே பவளத்திடம் வந்தார். அதுவரை பவளத்தின் வெப்ப எல்லையைப் பற்றிப் பேசியவர்கள் வரைபடத்தை வைத்துப் பேசினார்கள். ஜேம்ஸ் டானா என்ற அமெரிக்கப் புவியியலாளர், ஆண்டின் மிகக் குளிரான மாதத்தில் கடல்நீர் சராசரி 20 பாகைக்குக் கீழே போகும் இடங்களில் பவளப்பாறை எழுவதில்லை என்று ஏற்கெனவே கோடு கிழித்திருந்தார். அது கீழெல்லை. மேலெல்லை எது? வெப்பக்கடலின் பிராணிக்கு வெப்பம் நல்லதுதானே என்றே எல்லோரும் எண்ணியிருந்தார்கள்.

மேயர் செய்தது மிக எளிய வேலை. டோர்ட்டூகாஸ் பவளங்களைக் கடல்நீரில் வைத்துச் சூடாக்கினார். குறித்த வெப்பத்தில் ஏறத்தாழ ஒரு மணி நேரம் வைத்திருந்து, திரும்பவும் கடலில் விட்டு, பிழைக்கிறதா என்று பார்த்தார். 1914இல் வெளியிட்ட முடிவு பலருக்கும் அதிர்ச்சி. இந்தப் பிராணிகள் கோடையில் தம் சாவின் எல்லைக்குச் சில பாகை தூரத்திலேயே வாழ்கின்றன. கோடைக் கடல் 30 பாகை என்றால், அக்ரோபோரா 35ஐ ஒட்டிச் சாகிறது. சைடராஸ்ட்ரியா என்ற உருண்டையான சிறு பவளம் 38 வரை தாங்குகிறது. குளிரிலோ அவற்றுக்கு இன்னும் பல பாகை இடைவெளி உண்டு, இரை பிடிக்கும் சக்தி போவது 15ஐ ஒட்டித்தான்.

என் தொட்டியில் செத்ததும் பிழைத்ததும் எந்த வரிசையில் என்பதை நூறு ஆண்டுக்கு முந்தைய அந்த அறிக்கையில் கண்டபோது, உண்மையைச் சொன்னால், கொஞ்சம் வெட்கமாகவே இருந்தது. சராசரியைப் பார்த்து 28இல் வைத்தேன். சராசரி எனக்கு ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. பார்த்திருக்கவேண்டியது எல்லைக்கு எவ்வளவு தூரம் என்பதை.

1913இல் மேயர் ஒரு குழுவோடு டொரஸ் நீரிணையிலுள்ள மேர் தீவுக்குப் போனார். (ஆஸ்திரேலியாவில் இருப்பவர்களுக்கு இத்தீவு வேறு காரணத்தால் தெரிந்திருக்கும். பூர்வகுடிகளின் நிலவுரிமைக்கு 1992இல் நீதிமன்றத்தில் வெற்றி தேடித்தந்த எடி மாபோவின் ஊர் இது.) அங்கே கரையிலிருந்து பாறையின் விளிம்புவரை ஒரு கோடு போட்டு, இடையிடையே சதுரங்கள் அளந்து, ஒவ்வொரு சதுரத்திலும் எந்தப் பவளம் எத்தனை என்று எண்ணினார். வற்றுப்பெருக்கில் நீர் வடிந்து வெயிலில் சுடும் கரையோரத்தில் இருந்தவை, சூடாக்கியபோதும் அதிகம் தாங்கின. விளிம்பின் ஓயாத அலையில் இருந்தவை சீக்கிரம் செத்தன. வெப்பத்தைத் தாங்கும் பவளங்களே சேற்றையும் தாங்கின. இதிலிருந்து அவர் ஒரு முடிவுக்கு வந்தார். வெப்பத்தில் உடலின் வேகம் கூடுகிறது, மூச்சுத் தேவை கூடுகிறது, கரியமிலம் திசுக்களில் தேங்குகிறது. ஆகவே சூட்டுச் சாவு என்பது ஒருவகையில் மூச்சுத்திணறிச் சாவதே.

இது முழு உண்மை அல்ல என்று இன்று தெரியும். பவளத்தின் சதைக்குள் குடியிருந்து அதற்குச் சோறுபோடும் நுண்பாசிகள் மிகுவெப்பத்தில் நச்சு ஒட்சிசனை உண்டாக்க, பவளம் அவற்றை வெளியேற்றிவிட்டு வெளிறிப் பட்டினி கிடக்கிறது. மேயரின் முறையிலும் ஒரு குறை உண்டு. அவர் பார்த்தது ஒரு மணி நேரக் கொதிப்பை. கடலில் பவளங்களைக் கொல்வது பெரும்பாலும் வாரக்கணக்கில் விடாத குறைந்த காய்ச்சல். ஓரிடத்தின் வழக்கமான உச்சக் கோடையைவிட ஒரே ஒரு பாகை கூடி, நாலைந்து வாரம் நின்றாலே வெளிறத் தொடங்கிவிடும். மேயரின் 35, 38 என்ற எண்களை மட்டும் படித்தவர் 32 பாகையில் நிம்மதியாகத் தூங்கியிருப்பார். ஆனாலும் எது முந்திச் சாகும் என்ற அவரது வரிசை இன்றும் பெரும்பாலும் பொய்க்கவில்லை. மூச்சுத்திணறல் பற்றி அவர் சொன்னதையும், பம்பு நின்ற தொட்டியைப் பார்த்தவன் என்ற முறையில், நான் முற்றாகத் தள்ளமாட்டேன். 25 பாகைக் கடல்நீர் ஒரு லீற்றரில் 6.7 மில்லிகிராம் ஒட்சிசனைப் பிடித்துவைக்கும். 30 பாகையில் 6.2தான். தேவை ஏறும்போதே இருப்பு இறங்குகிறது.

முதல் உலகப்போர் வந்தது. ஜெர்மானியப் பெயர் தாங்கியவர்களை அமெரிக்காவில் சந்தேகத்தோடு பார்த்த காலம். மேயரின் தந்தைவழி ஜெர்மனியிலிருந்து வந்தது. 1918இல் அவர் தம் பெயரில் ஒரேயோர் எழுத்தை மாற்றிக்கொண்டார். ஆங்கிலத்தில் அந்த ஓர் எழுத்து, ஜெர்மன்காரரை மாநகரத் தலைவராக்கிவிடுகிறது. தமிழில் எழுதும்போது இரண்டும் மேயர்தான். அவர் பட்ட சங்கடம் நம் எழுத்தில் தடமே இல்லாமல் மறைந்துவிடுகிறது. ஐம்பது வயதில், அறிவியலில் நிலைபெற்ற ஒருவர், தந்தையின் பெயரை அப்படித் திருத்திக்கொள்ள எவ்வளவு மனம் நொந்திருப்பார் என்று இடம்பெயர்ந்து வாழும் நமக்குச் சொல்லத் தேவையில்லை.

அதே ஆண்டுகளில் அவர் பசிபிக்கின் சமோவாவுக்குப் போய்வந்துகொண்டிருந்தார். பாகோ பாகோ துறைமுகத்தில் ஔஆ என்ற ஊரின் முன்னால் 1917இல், மேரில் செய்ததைப் போலவே, கரையிலிருந்து பாறை விளிம்புக்குக் கோடு போட்டு எண்ணினார். தலையில் கவிழ்க்கும் கவசத்தை அணிந்து, மேலிருந்து குழாயில் காற்று வர, தாமே கீழே இறங்கி நடந்தார். பவளத்தை ஆராய்ந்தவர்களில் அப்படி இறங்கிப் பார்த்த முன்னோடிகளில் அவர் ஒருவர். அந்தக் கோட்டில் பிற்காலத்தவர்கள் திரும்பத் திரும்ப எண்ணியிருக்கிறார்கள். ஒரு பவளப்பாறையின் நூற்றாண்டுக் கதையைச் சொல்லக்கூடிய மிகப் பழைய கணக்கேடுகளில் அதுவும் ஒன்று.

ஆனால் உடம்பு விட்டுப்போய்க்கொண்டிருந்தது. காசநோய். மருந்து இல்லாத காலம் அது. 1922 கோடையில் வழக்கம்போல லாகர்ஹெட் தீவுக்குப் போனார். யூன் 24 அன்று அங்கேயே இறந்தார். வயது 54. மனைவி ஹாரியட் அவருக்காக ஒரு நினைவுப் பட்டயத்தை வடித்தார். அது அத்தீவில் நிறுவப்பட்டது. ஆய்வுகூடம் 1939இல் மூடப்பட்டது.

இதற்குப் பின்னுரை ஒன்று இருக்கிறது. 2023 கோடையில் புளோரிடாக் கடல் வரலாறு காணாத அளவு சூடேறியது. வாரக்கணக்கில் 31 பாகைக்கு மேல் நின்றது. அங்குள்ள இருவகை அக்ரோபோராக்களும், எல்க் மானின் கொம்பு போன்றதும் கலைமானின் கொம்பு போன்றதும், புளோரிடா கீஸிலும் டிரை டோர்ட்டூகாஸிலும் நூற்றுக்குத் 98க்கு மேல் செத்தன. இனி அவை அக்கடலில் பாறை கட்டும் உயிர்களாக இல்லை என்று 2025 ஒக்டோபரில் வெளியான ஆய்வு சொல்கிறது. மேயர் தம் வரிசையில் மிக மெலிந்ததாகக் குறித்தது இந்த இனத்தைத்தான். குறித்த இடமும் அதே கடல். (குளிரும் அவற்றை விட்டுவைத்ததில்லை. 1977 ஜனவரியில் ஒரு வாடைக்காற்று டோர்ட்டூகாஸ் நீரை 14 பாகைக்கு இறக்கி அங்கிருந்த கலைமான்கொம்புப் பவளங்களில் பெரும்பகுதியைக் கொன்றது. ஆனால் அப்போது மீண்டு வளரச் சில கிளைகள் எஞ்சியிருந்தன.)

2023 யூலையில் கடலிலிருந்து ஆயிரக்கணக்கான பவளத் துண்டுகளை அவசரமாக எடுத்து, கரையில் குளிரூட்டிய தொட்டிகளில் வைத்துக் காப்பாற்றினார்கள். அந்தச் செய்தியை வாசித்த அன்றிரவு என் தொட்டியின் முன்னால் நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். நம் பொழுதுபோக்குக்காகக் கடலிலிருந்து பிய்த்து வருவதைப் பற்றி எனக்கு எப்போதும் ஓர் உறுத்தல் உண்டு. அது போய்விடவில்லை. இப்போது தொட்டியில் வளர்த்து வெட்டிய கிளைகளை மட்டுமே வாங்குகிறேன்.

தொட்டியை 25.5இல் வைத்திருக்கிறேன். 28இலிருந்து 33க்கு ஐந்து பாகைதான், 25.5இலிருந்து ஏழரை. அந்த இரண்டரைப் பாகையில், மின்சாரம் நின்ற ஓர் இரவில், சில மணி நேரம் கிடைக்கும். சூடாக்கி பழுதாகி அணையாமல் எரிந்தாலும் அப்படியே. கட்சி மாறிவிட்டாய் என்று நண்பர்கள் கேலி செய்கிறார்கள். பற்றரியில் ஓடும் சிறு காற்றுப் பம்பு ஒன்றையும் வாங்கித் தொட்டியின் அடியில் வைத்திருக்கிறேன். போன வருடம் ஒரு புதிய அக்ரோபோராக் கிளை வைத்தேன், சுண்டுவிரல் நீளம். இப்போது மூன்றாகக் கிளைத்திருக்கிறது.